நடுவயதில் முகப்பரு: நாணமா, நோயா?

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. சினமும் களிப்பும் முகத்தில் தோன்றும் என்ற அளவில் அது மெய்யே. ஆயினும் நாற்பது வயதைக் கடந்த ஒரு தாயின் தாடையிலும் மோவாயிலும் சிவந்த பருக்கள் எழுந்து, வலித்து, வடுவாகும்போது அதே பழமொழி அவளுக்கு எதிரான சாட்சியாகத் திருப்பப்படுகிறது. "இந்த வயதிலா?" என்று வியப்பார் ஒருவர். "எல்லாம் உடம்புச் சூடு" என்பார் இன்னொருவர். "மீனைக் குறைத்துக்கொள்" என்று கடற்கரைப் பெண்ணுக்கே அறிவுரை கூறுவாரும் உண்டு. பனிமய மாதா திருவிழாவுக்கு ஊரே திரண்டு வரும் ஆகஸ்டு மாதத்தில், உறவினரின் கண்ணில் படாமல் ஒதுங்கி நிற்கும் தாய்மாரும், மகளின் திருமணப் புகைப்படத்தில் முந்தானையால் பாதி முகத்தை மறைத்து நிற்கும் தாய்மாரும் நம்மிடையே இல்லாமல் இல்லை.

இதை அற்பமான காரியம் என்று தள்ளிவிடுவது எளிது. முகத்தைப் பற்றிக் கவலைப்படுவது வீண் பெருமை என்று சொல்லி வாயடைப்பது அதனினும் எளிது. இரண்டும் நீதியல்ல. நடுவயதுப் பரு ஒரு நோய். அதற்குக் காரணம் உண்டு, மருந்தும் உண்டு. தவறான மருந்தும் உண்டு. அது நம் ஊர்க் கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைத்துவந்தது என்பதே இக்கட்டுரை எழுதப்படும் முதற் காரணம்.

பரு தோன்றும் விதம்

நம் தோலில் உள்ள ஒவ்வொரு மயிர்க்குழியை ஒட்டியும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. தோலை வறளாமல் காப்பது அதன் தொழில். இச்சுரப்பிக்குக் கட்டளையிடுவது ஆண்ட்ரோஜன் எனப்படும் ஹார்மோன். இதனை ஆண்மை ஹார்மோன் என்று அழைப்பது வழக்கமாயினும் பெண்களின் உடலிலும் இது சிறிதளவு சுரக்கவே செய்கிறது. அதன் தூண்டுதல் மிகும்போது எண்ணெய் பெருகுகிறது. குழியின் வாயில் உதிர்ந்த தோல் செதில்கள் எண்ணெயோடு கலந்து அடைப்பாகின்றன. அடைபட்ட இடத்தில், இயல்பாகவே நம் தோலில் வாழும் நுண்கிருமிகள் பெருகுகின்றன. உடல் அவற்றை எதிர்க்கிறது. வீக்கமும் சிவப்பும் சீழும் தோன்றுகின்றன. அழுக்கினால் பரு உண்டாவதில்லை என்பது இதிலிருந்தே விளங்கும். ஒரு நாளைக்குப் பத்து முறை சோப்பிட்டுக் கழுவுபவருக்கும் பரு வரும்; தேய்க்கத் தேய்க்கத் தோல் எரிச்சலுற்று நிலைமை மோசமாகவும் கூடும்.

நடுவயதில் ஏன் வருகிறது? மாதவிடாய் நிற்பதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே பெண்மை ஹார்மோனாகிய ஈஸ்ட்ரோஜன் ஏறியும் இறங்கியும் கடைசியில் குன்றத் தொடங்குகிறது. ஆண்ட்ரோஜன் அவ்வளவு விரைவாகக் குன்றுவதில்லை. தராசின் ஒரு தட்டு இறங்கினால் மறு தட்டு உயர்வதுபோல, அளவில் கூடாமலேயே ஆண்ட்ரோஜனின் கை ஓங்குகிறது. ஆகவேதான் இவ்வகைப் பருக்கள் பெரும்பாலும் முகத்தின் கீழ்ப்பகுதியில், தாடையோரத்திலும் மோவாயிலும் கழுத்திலும் ஆழமான முடிச்சுகளாக எழுகின்றன; மாதவிடாய்க்கு முந்திய வாரத்தில் மிகுகின்றன. இளமையில் பருவே காணாதவர்க்கும் இது நேரலாம்.

வேறு காரணங்களும் உண்டு. மாதவிடாய் ஒழுங்கின்மை, மோவாயில் மயிர் முளைத்தல், தலைமுடி மெலிதல் ஆகியவை பருவோடு சேர்ந்து வந்தால் சினைப்பை நீர்க்கட்டி நோய் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இளைப்புக்கும் மூட்டுவலிக்கும் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரைகள், காசநோய்க்குத் தரப்படும் ஐசோநயாசிட் ஆகியவையும் பரு போன்ற கொப்புளங்களை உண்டாக்கக்கூடும். அதற்காகக் காசநோய் மருந்தைத் தாமாக நிறுத்திவிடலாகாது, மருத்துவரிடம் சொல்லவேண்டும். திடீரெனப் பரு மிகுந்து, குரலும் கனத்துப்போனால் நாள் கடத்தாமல் மருத்துவரைக் காண்பது அவசியம்.

களிம்புக் குழாயின் கதை

இனி நம் நாட்டுக்கே உரிய ஒரு தீமையைச் சொல்லவேண்டும். பரு வந்தவுடன் நம்மவர் முதலில் செல்வது மருத்துவரிடமன்று. அண்டைவீட்டார் காட்டிய குழாயின் பெயரை எழுதிக்கொண்டு மருந்துக் கடைக்குச் செல்கிறார்கள். அக்களிம்புகள் பலவற்றில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் அடங்கியுள்ளன. கரப்பான் முதலிய நோய்களுக்கு, அளவோடும் கால வரையறையோடும் மருத்துவர் தரும்போது இவை நல்ல மருந்துகளே. முகத்தில் தன் விருப்பப்படி பூசும்போது இவையே நஞ்சாகின்றன.

முதல் வாரத்தில் சிவப்பு அடங்கும், முகம் வெளுத்ததுபோல் தோன்றும், பூசியவர் மகிழ்வார். சில வாரங்களிலும் மாதங்களிலும் தோல் மெலிகிறது. செந்நிற நரம்புக் கோடுகள் தெரிகின்றன. முகத்தில் மயிர் அடர்கிறது. எந்தப் பருவுக்காகப் பூசினாரோ அதே பரு முன்னிலும் பன்மடங்காக வெடிக்கிறது. அஞ்சி நிறுத்தினால் முகம் நெருப்பாய் எரிகிறது. மீண்டும் பூசினால் தணிகிறது. இவ்வாறு அவர் களிம்புக்கு அடிமையாகிறார்.

கொல்கத்தாவைச் சேர்ந்த தோல் மருத்துவர்கள் கௌசிக் லாஹிரி, அரிஜித் கூண்டு ஆகியோர் 2008-ஆம் ஆண்டில் இக்கேட்டுக்கு ஸ்டீராய்டால் சிதைந்த முகம் என்னும் பொருள்படப் பெயரிட்டனர். 2011-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வில், நாட்டின் 12 மையங்களில் முகத்தோல் நோயோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு களிம்பைப் பூசிவந்தது தெரிந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மருத்துவர் அல்லாதோரின் சொல்லைக் கேட்டே பூசினர். 392 பேருக்குக் கேடு விளைந்திருந்தது. அக்கேடுகளில் முதலிடம் பெற்றது பருவே! தோல் மருத்துவர் சங்கத்தார் பல்லாண்டு முறையிட்ட பின்னர், 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்தது, வழக்கம் முற்றிலும் போய்விடவில்லை. ஆகவே வீட்டிலுள்ள குழாயை எடுத்து, மேற்கூறிய பெயர்கள் அதில் உள்ளனவா என்று இன்றே படித்துப் பாருங்கள். நெடுநாள் பூசிவந்தவர் திடீரென விட்டுவிடாமல் தோல் மருத்துவரிடம் சென்று அவர் கூறும் முறையில் விடுபடுவது நலம்.

மருத்துவர் தரும் மருந்துகள்

முதலாவது, மேற்பூச்சு. அடாபலின், டிரெட்டினாயின் என்பவை மயிர்க்குழியின் அடைப்பை நீக்குபவை, இரவில் சிறிதளவு பூசத்தக்கவை, கருவுற்றோர்க்கு ஆகாதவை. பென்சாயில் பெராக்சைடு கிருமியைக் கொல்வது. புடவையிலும் தலையணை உறையிலும் பட்டால் சாயத்தை வெளுக்கச் செய்யும். அசெலாயிக் அமிலம் பருவோடு கரும்புள்ளியையும் குறைக்கும்; கருவுற்றோர்க்கும் மருத்துவர் இதைத் தருவதுண்டு.

இரண்டாவது, டாக்சிசைக்ளின் போன்ற கிருமிக்கொல்லி மாத்திரை. இதனைச் சுமார் மூன்று மாதத்துக்கு மேல் நீட்டுவது முறையன்று; நீட்டினால் கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகிவிடும். நிறையத் தண்ணீரோடு விழுங்கவேண்டும்; விழுங்கியவுடன் படுக்கலாகாது. இம்மருந்து வெயிலில் தோலை எளிதாகப் பொசுங்கச் செய்யும். வெள்ளை உப்பின் மீது பட்டுத் தெறிக்கும் வெயிலில் நாள் முழுதும் உழைக்கும் உப்பளச் சகோதரிகள், தம் தொழில் இன்னதென்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லவேண்டும்.

மூன்றாவது, ஹார்மோனின் கையைத் தடுக்கும் மருந்து. ஸ்பைரனோலாக்டோன் என்பது 1960-ஆம் ஆண்டு வாக்கில் உடல் வீக்கத்துக்கும் இரத்த அழுத்தத்துக்குமாகப் புழக்கத்துக்கு வந்த மாத்திரை. ஆண்ட்ரோஜன் எண்ணெய்ச் சுரப்பியில் சென்று பற்றுவதையும் இது தடுக்கிறது என்பது தெரிந்த பின்னர், பெண்களின் பருவுக்கும் தோல் மருத்துவர்கள் இதனைப் பயன்படுத்தலாயினர். இங்கிலாந்திலும் வேல்சிலும் 410 பெண்களிடம் நடத்தப்பட்ட சோதனையின் முடிவு 2023-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று. ஒரு சாராருக்கு இம்மருந்தும் மறு சாராருக்கு மருந்தற்ற மாத்திரையும் தரப்பட்டன. 12 வாரங்களுக்குப் பின், பரு குறைந்தது என்றவர்கள் மருந்துண்டோரில் 72 விழுக்காடு, மற்றவரில் 68. பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் 24 வாரங்களுக்குப் பின் அது 82-ம் 63-மாக விரிந்தது. இதிலிருந்து நாம் கற்கும் பாடம் பொறுமை. முத்துச்சிப்பி ஒரு நாளில் முத்தை ஈனுவதில்லை என்று அறிந்த கரையினர் நாம். இரண்டே வாரத்தில் முகம் தெளியவில்லை என்று மருத்துவரை மாற்றுவது தகுமா?

இம்மருந்தினால் மாதவிடாய் முறை மாறலாம். மார்பில் வலியும் தலைச்சுற்றலும் சிலர்க்குத் தோன்றலாம். ஆண் சிசுவின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் ஆதலால் கருவுற்றோர் உட்கொள்ளலாகாது. இரத்தத்தில் பொட்டாசியத்தை இது உயர்த்தக்கூடும். சிறுநீரக நோய் உள்ளோரும், இரத்த அழுத்தத்துக்கு வேறு மாத்திரை உண்போரும், வயது கூடியோரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். இளநீரும் வாழைப்பழமும் எவ்வளவு உண்ணலாம் என்று இவர்கள் கேட்டறிவது நன்று. சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் உப்பில் பொட்டாசியமே கலந்திருக்கிறது என்பதை உப்பு விளையும் ஊராராகிய நாமும் மறக்கலாகாது.

நான்காவது, ஐசோட்ரெட்டினாயின். வடு உண்டாக்கும் கடும் பருவுக்கு இது வலிய மருந்து. கருவிலுள்ள குழந்தைக்கோ மிகக் கொடிய ஊனங்களை உண்டாக்குவது. மருந்து தொடங்க ஒரு மாதம் முன்னிருந்து, முடிந்து ஒரு மாதம் வரை கருவுறுதல் அறவே கூடாது. அக்காலத்தில் இரத்த தானமும் கூடாது. நாற்பதைக் கடந்தவர் கருவுறார் என்று எண்ணுவது பெரும் பிழை. கணவனும் மனைவியும் மருத்துவர் முன் அமர்ந்து, இதைப் பற்றி ஒளிவின்றிப் பேசி முடிவு செய்த பின்னரே தொடங்கவேண்டும்.

மனச்சான்றின் கேள்வி

ஐந்தாவதாக, கருத்தடை மாத்திரை எனப் பெயர் பெற்ற ஹார்மோன் மாத்திரையையும் பருவுக்காகச் சில மருத்துவர்கள் எழுதித் தருகின்றனர். அதன் பெயரைக் கேட்டதும் நம் தாய்மார் கலங்குவர். சிலர் சீட்டைக் கிழித்தெறிவர். சிலர் வாங்கி உண்டு, நற்கருணை வாங்காமல் ஒதுங்குவர். இருவருக்கும் திருச்சபையின் போதனை தெளிவைத் தருகிறது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1968-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் கையொப்பமிட்ட மனித உயிர் பற்றிய சுற்றுமடலின் 15-ஆம் பகுதி இதனையே ஆராய்கிறது. உடலின் நோயைக் குணப்படுத்தத் தேவையான மருத்துவத்தால் கருவுறுதல் தடைப்படும் என்று முன்னரே தெரிந்தாலும், அத்தடையையே நோக்கமாகக் கொள்ளாதவரை, அம்மருத்துவம் தவறாகாது என்பது அதன் கருத்து. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரும் 1958-ஆம் ஆண்டு மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில் இவ்வாறே கூறியிருந்தார். நோக்கம் நேரியதாயிருப்பதே இங்கே முக்கியம். மருந்தைச் சாக்காகக் கொள்வது வேறு. ஐயமுள்ளோர் தம் பங்குக் குருவிடம் தனித்துக் கேட்கலாம்.

மருத்துவத்தின் பக்கமிருந்தும் ஓர் எச்சரிக்கை உண்டு. 35 வயதைக் கடந்து புகைபிடிப்போர், உயர் இரத்த அழுத்தம் உள்ளோர், இரத்தக்கட்டு வந்தோர், கண்முன் ஒளி மின்னி ஒற்றைத் தலைவலி வருவோர் ஆகியோர்க்கு இம்மாத்திரை ஆகாது. ஆகவே நடுவயதில் இது பலர்க்கு ஏற்ற முதல் மருந்தன்று. வேறு வழி உண்டா என்று மருத்துவரைக் கேட்பது உங்கள் உரிமை.

வீட்டில் செய்யத்தக்கவை

மென்மையான சோப்பினால் நாளுக்கு இருமுறை கழுவினால் போதும். பருவைக் கிள்ளலாகாது, நம் நிறத்தார்க்குக் கிள்ளிய இடம் மாதக்கணக்கில் கறுத்து நிற்கும். தேங்காயெண்ணெயை முகத்தில் பூசுவது பலர்க்கு அடைப்பை மிகுவிக்கும். சீனியும் இனிப்புப் பண்டமும் மிகுந்த உணவு பருவைக் கூட்டலாம் என்பதற்குச் சான்று உண்டு. மீன் உண்பதால் பரு வரும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. ஆகவே கடல் தந்த உணவை அஞ்சாமல் உண்ணுங்கள்.

பொருள் வசதியற்றோர் தனியார் மருத்துவரை நாடியே ஆகவேண்டும் என்பதில்லை. 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. செல்லும்போது இதுவரை பூசிய குழாய்கள், உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர்க்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

கணவன்மாரே, பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். வீட்டிலுள்ள தாயின் முகத்தைக் குறித்துச் சொல்லும் கேலிச் சொல் ஒன்று அவளை ஸ்டீராய்டு குழாயிடம் துரத்தும். மருத்துவமனைக்கு உடன் வருகிறேன் என்ற சொல் ஒன்று அவளை நலத்துக்குக் கொண்டுவரும். மருத்துவரை மதிக்கவேண்டும் என்றும், மருந்துகளை மண்ணிலிருந்து தோற்றுவித்தவர் ஆண்டவரே என்றும் சீராக் ஞானநூலின் 38-ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. அம்மருந்தைத் தக்கவரிடம் பெற்று, தக்க அளவில் உண்டு, முகத்தை மூடிய முந்தானையை நம் தாய்மார் விலக்கட்டும்.