உங்களுக்குத் தெரியுமா? புகைக்குள் ஓடியவர்களின் திசு வங்கி

சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே வெம்பக்கோட்டை, சிவகாசி; கிழக்கே கோவில்பட்டி. பட்டாசும் தீப்பெட்டியும் சோறு போடுகிற வட்டாரம். ஆலையில் வெடித்தால், தீயணைப்பு வண்டி வருமுன்பே ஊர்ச்சனம் ஓடிப்போய் நிற்கும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி முதலிப்பட்டியில் இறந்தவர்களில் அப்படி உதவ ஓடியவர்களும் உண்டு. உயிர் தப்பியவர்கள் சுவாசித்த புகை பின்னாளில் உடம்பை என்ன செய்யும்? அதைத் தேடிப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இந்த வாரத் துணுக்குகள் அதைப் பற்றித்தான்.

● தீயணைப்பு வேலையே புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2022-ல் உறுதியாக அறிவித்தது. புகையிலையும் கல்நாரும் இருக்கும் அதே முதல் பிரிவில் இந்த வேலையையும் சேர்த்தது. சிறுநீர்ப்பை, நுரையீரலைச் சுற்றியுள்ள உறை ஆகிய இரண்டிலும் வரும் புற்றுக்கு ஆதாரம் வலுவாக இருக்கிறதாம். 2007-ல் இதே முகமை "வாய்ப்பு உண்டு" என்ற அளவோடு நிறுத்திக்கொண்டிருந்தது.

● பயாப்ஸிக்கு எடுத்த சதைத்துணுக்கை ஃபார்மலினில் ஊறவைத்து மெழுகுக் கட்டிக்குள் பதித்துவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் 'பிளாக்' என்பது இதைத்தான். சாதாரண அறையிலேயே பல ஆண்டு கெடாமல் இருக்கும். மரபணுவை இன்னும் நுட்பமாகப் படிக்க வேண்டுமானால், வெட்டி எடுத்த கொஞ்ச நேரத்திலேயே திரவ நைட்ரஜனில் உறைய வைக்க வேண்டும். அதன் குளிர் மைனஸ் 196 டிகிரி. நோயாளியின் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு இவற்றைச் சேர்த்து வைக்கும் இடம்தான் திசு வங்கி.

● 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் இரட்டைக் கோபுரத் தாக்குதலில் 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். பின்னர் அது தொடர்பான நோயால் இறந்த வீரர்களின் எண்ணிக்கையும் 2023 செப்டம்பரில் அதே 343-ஐத் தொட்டது. இடிபாட்டுத் தூசியில் கல்நார், கண்ணாடி இழை, பொடியான சிமெண்டு எல்லாம் கலந்திருந்தன. மீட்புப் பணியாளர்களுக்குப் புற்று வந்தபோது, அவர்களின் பிளாக்குகள் பல ஆஸ்பத்திரிகளில் சிதறிக் கிடந்தன. மவுண்ட் சினாய் மருத்துவமனை ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்கி அவற்றைத் திரட்டி ஒரு வங்கி அமைத்தது. 2019-ல் வெளியான ஆய்வு ஒன்று, அவர்களின் புராஸ்டேட் கட்டிகளில் அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் முடுக்கிவிடப்பட்டிருந்ததைக் காட்டியது. அதே தூசியைச் சுவாசிக்க வைத்த எலிகளிலும் அப்படியே! நோய்க்கும் தூசிக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதற்கு இது ஒரு முக்கியத் தடயம்.

● செர்னோபில் திசு வங்கி 1998-ல் தொடங்கியது. அங்கு நடந்த அணு உலை விபத்தின்போது குழந்தைகளாக இருந்தவர்கள், அதற்குப் பின் பிறந்தவர்கள் ஆகியோரின் தைராய்டு கட்டிகளை அது சேகரித்தது. உக்ரைனைச் சேர்ந்த 440 பேரின் கட்டிகளை ஆராய்ந்து 2021-ல் முடிவு வெளியிட்டார்கள். கதிர்வீச்சு அளவு கூடக்கூட, டி.என்.ஏ.வின் இரு இழைகளும் சேர்ந்து அறுந்த தடயமும் கூடியிருந்தது. 440 பேரில் 81 பேர் விபத்துக்குப் பிறகு பிறந்தவர்கள். கதிர்வீச்சு படாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க இவர்கள் உதவினார்கள்.

● நம் நாட்டிலும் முன்னோடி உண்டு. 1984 டிசம்பர் போபால் விஷவாயுவில் பாதிக்கப்பட்டவர்களின் இரத்தத்திலும், கசிந்த 610-ஆம் எண் தொட்டியின் அடியில் தங்கிய கசடிலும் ஒரே சேர்மம் இருந்ததை, தடயவியல் மருத்துவர் ஹீரேஷ் சந்திராவும் சக விஞ்ஞானிகளும் 1994-ல் வெளியிட்டார்கள். எடுத்து வைத்த மாதிரி இல்லையென்றால் இதை யாரும் நிரூபித்திருக்க முடியாது. போபாலில் புற்றுநோய்ப் பதிவேடு 1986-லேயே தொடங்கிவிட்டது.

● 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அங்கே எண்ணெய் வந்தபோதும் மீனவர்களே இறங்கினார்கள். 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் கசிந்தபோது, சுத்தம் செய்தவர்களும் அதற்குப் பயிற்சி பெற்றவர்களுமாக 32,000-க்கும் மேற்பட்டோரை அமெரிக்க அரசு ஆய்வில் சேர்த்தது. ஆயிரக்கணக்கானோரிடம் இரத்தம், சிறுநீர், கால் நகம்கூட வாங்கி வைத்தது. எண்ணூரில் அள்ளிய கைகளும் அந்த அக்கறைக்கு உரியவையே.

● சென்னை ஐ.ஐ.டி.யில் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி இருக்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையோடு சேர்ந்து 2015-ல் அமைத்தது. மார்பகப் புற்றுநோயாளிகள் 480 பேரின் மரபணுத் தகவலை அந்த ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது.

● திசுவை எத்தனை குளிரில் உறைய வைத்தாலும், அதைத் தந்த மனிதர் எதைச் சுவாசித்தார் என்பது ஏட்டில் இல்லையென்றால் விஷத்தையும் நோயையும் இணைக்க முடியாது. பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, கேஸ் ஷீட்டில் தொழிலை எழுதச் சொல்லுங்கள். பட்டாசு ஆலையில் எத்தனை வருஷம், எந்தத் தீவிபத்தில் உதவப் போனீர்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள். பிளாக்கும் ஸ்லைடும் உங்கள் கைக்கு வந்தால் தூக்கிப் போடாமல் ரிப்போர்ட்டோடு பத்திரப்படுத்துங்கள்.