மாலை நான்கு மணி வரை தாங்கும் டப்பா

அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லும் சாப்பாடு வயிற்றை நிரப்புகிறது, உடம்பைக் காப்பாற்றுகிறதா? சோறா சப்பாத்தியா என்பதல்ல பிரச்சினை. பக்கத்துக் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்பதுதான்.

காலை ஒன்பதரை மணி வாக்கில் மும்பையின் புறநகர் ரயில் நிலையங்களில் வெள்ளைத் தொப்பிக்காரர்கள் கூடத் தொடங்குகிறார்கள். அந்தேரியிலும் போரிவ்லியிலும் முலுண்டிலும் வீடு வீடாக ஏறி இறங்கி வாங்கி வந்த டப்பாக்களை, மூடியில் எழுதியிருக்கும் வண்ணக் குறிகளையும் எண்களையும் பார்த்துப் பிரித்து, நீளமான மரத் தட்டுகளில் அடுக்குகிறார்கள். மதியம் ஒரு மணிக்குள் அவை சர்ச்கேட், நரிமன் பாயிண்ட் அலுவலகங்களைச் சென்றடைந்துவிடும். 1890இல் மஹாது ஹவ்ஜி பச்சே தொடங்கிவைத்த தொழில் இது. 2020 மார்ச்சில் கொரோனாவால் ரயில்கள் நின்றபோது இதுவும் நின்றது. பிறகு வண்டிகள் ஓடத் தொடங்கினாலும், வீட்டிலிருந்தே வேலை பார்க்கப் பழகிய அலுவலகங்களால் டப்பாக்களின் பழைய எண்ணிக்கை திரும்பவில்லை.

டப்பா எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை உலகமே வியந்தாயிற்று. பிரிட்டிஷ் இளவரசராக இருந்தபோது சார்லஸ் 2003இல் சர்ச்கேட் வந்து டப்பாக்காரர்களைச் சந்தித்தார். 2013இல் 'தி லஞ்ச்பாக்ஸ்' என்ற திரைப்படமே வந்தது. ஆனால் மூடியைத் திறந்து உள்ளே இருப்பதைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் குறைவு. இப்போது கவலைப்பட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

காரணம், எண்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி மையமும் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளியாயின. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும் மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் அந்த ஆய்வு மதிப்பிட்டது. அதே ஆய்வின் உணவு பற்றிய பகுதி 2025இல் வெளிவந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரிகளில் 62 சதவீதம் மாவுச் சத்திலிருந்தே வருகிறது. புரதத்தின் பங்கு 12 சதவீதம்தான் என்றது அது.

டப்பாவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கு அந்த ஆய்வில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. மொத்த மாவுச் சத்தைக் குறைக்காமல் வெள்ளை அரிசியை எடுத்துவிட்டு கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாவுச் சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால், தயிர், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்தை வைத்தால் அபாயம் குறைவதோடு தொடர்பு காணப்பட்டது. எந்தத் தானியம் என்பதைவிட எவ்வளவு தானியம், அதற்குத் துணை எது என்பதே முக்கியமான கேள்வி.

துணையைப் பார்த்தால் பெரும்பாலான டப்பாக்களின் சாயம் வெளுக்கிறது. எலுமிச்சை சாதத்துக்கு உருளைக்கிழங்கு வறுவல். பூரிக்கும் உருளைக்கிழங்கு. ரொட்டித் துண்டுகளுக்கு நடுவிலும் அதே உருளைக்கிழங்கு. தயிர் சாதத்துக்கு ஊறுகாய். மாவுக்கு மாவே துணை, போதாக்குறைக்கு உப்பு. ஒரு மணிக்கு வயிறு திம்மென்று நிரம்புகிறது. இரண்டரைக்குக் கண் சொருகுகிறது. நான்கு மணிக்கு மறுபடியும் பசி. இந்த நான்கு மணிப் பசியை நம்பித்தான் மும்பையில் வடா பாவும் டெல்லியில் சமோசாவும் சென்னையில் பஜ்ஜியும் எண்ணெயில் கொதித்துக்கொண்டிருக்கின்றன.

கூடவே டீ. ஒரு கோப்பைக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சுமார் 8 கிராம். ஒரு நாளைக்கு 25 கிராமுக்கு மேல் சர்க்கரை வேண்டாம் என்கின்றன ஹைதராபாதின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டிக் குறிப்புகள். அலுவலகத்தில் மூன்று டீ குடிப்பவர் அநேகமாக அந்த வரம்பைத் தொட்டுவிடுகிறார். தொட்டுக்கொள்ளும் பிஸ்கட் கணக்கில் சேரவில்லை.

அதே குறிப்புகள் 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு வகைகள், 400 கிராம் காய்கறி, 300 மில்லி பால் அல்லது தயிர், 35 கிராம் கொட்டைகள் என்று பரிந்துரைக்கின்றன. சமைப்பதற்கு முந்தைய எடை இது. அதாவது மூன்று பிடி அரிசிக்கு ஒரு பிடி பருப்பு. இரண்டையும் விட அதிகமாகக் காய். சாம்பாரில் மிதக்கும் பருப்பை எண்ணிப் பார்க்கும் குடும்பங்களில் இந்தக் கணக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், விடை ஒவ்வொரு மாநிலத்தின் சமையலறையிலும் ஏற்கெனவே இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் முளைகட்டிய நரிப்பயறைக் கொண்டு செய்யும் உசல், கடலை மாவைக் கரைத்துக் கிளறும் பிட்லா. பிகாரில் வறுத்த கடலையை அரைத்த சத்து மாவு. அதை பராத்தாவுக்குள் வைக்கலாம், மோர் போலக் கரைத்தும் குடிக்கலாம். பஞ்சாபில் ராஜ்மா. கர்நாடகத்தில் பாசிப்பருப்பு கோசம்பரி. வாழையிலையில் கட்டிய கேரளப் பொதிச்சோற்றில் சோற்றோடு தோரனும் முட்டையும் மீனும் இடம் பிடிக்கின்றன. தமிழர்களுக்கு சுண்டலும் கூட்டும். உழைப்பாளிகளின் உணவாக இருந்த இவற்றில் பல, குளிர்சாதன அறைகளுக்கு வந்து சேரவில்லை.

அதற்கு டப்பாவின் வடிவமும் ஒரு காரணம். அடுக்குப் பாத்திரத்தில் சப்பாத்திக்கு ஒன்று, காய்க்கு ஒன்று, பருப்புக்கு ஒன்று, சோற்றுக்கு ஒன்று என்று இடம் இருந்தது. தோள்பைக்குள் மடிக்கணினியோடு செருகும் ஒற்றைப் பெட்டியில் முதலில் வெளியேறியது பருப்புதான், அது ஒழுகும். ஒழுகாதது கலந்த சாதமும் உலர்ந்த வறுவலும்தான். எனவே டப்பாவைச் சீர்திருத்த விரும்புகிறவர் கடைக்குப் போய் முதலில் வாங்க வேண்டியது, இறுக மூடும் சிறிய எவர்சில்வர் கிண்ணம் ஒன்று.

காலை எட்டு மணிக்குக் கட்டும் சாப்பாடு பகல் ஒரு மணி வரை வெயிலிலும் நெரிசலிலும் கிடக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. முந்தின இரவு வடித்து வெளியில் வைத்திருந்த சோறு, தேங்காய்ச் சட்னி, நறுக்கிய பழம், வேகாத முளைப் பயறு ஆகியவை கோடையில் ஆபத்தானவை. பயறை முளைகட்டிய பிறகு வேகவைப்பதே நல்லது. தயிர் சாதத்துக்குப் பாட்டிகளின் உத்தி இன்றும் உதவும்: குழைந்த சோற்றில் ஆறிய பாலை ஊற்றி ஒரு ஸ்பூன் தயிர் விட்டால், சாப்பிடும் நேரத்துக்குப் புளிக்காமல் தோய்ந்திருக்கும்.

எல்லாம் சரி, இதையெல்லாம் காலை ஐந்து மணிக்கு எழுந்து செய்வது யார்? மத்திய அரசு 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களை அவற்றில் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். ஊட்டச்சத்து நிபுணர்கள் டப்பாவில் சேர்க்கச் சொல்லும் ஒவ்வொரு கிண்ணமும் இந்த 289ஐ இன்னும் கொஞ்சம் நீட்டுகிறது. அந்தப் பெண்ணும் ஒன்பது மணி ரயிலைப் பிடிக்க வேண்டியவர் என்றால், ராஜ்மாவுக்கு பதில் உருளைக்கிழங்கு ஏன் ஜெயிக்கிறது என்பது புரியும்.

இந்த வேலைக்கு ஒரு விலை உண்டு என்பதை மும்பை முன்பே பார்த்திருக்கிறது. ஆலைத் தொழிலாளர்கள் நிறைந்த கிரண்காவ் பகுதியில், ஊரில் குடும்பத்தை விட்டு வந்த ஆண்களுக்கு சமைத்துப் போட்டவர்கள் 'கானாவள்' நடத்திய பெண்கள். கந்து வட்டிக்காரர்களிடம் சிக்கியிருந்த அவர்களைத் திரட்டி 1975இல் அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தொடங்கினார் பிரேமா புரவ். கேரளத்தில் குடும்பஸ்ரீ 2024இல் திருவனந்தபுரத்தில் 'லஞ்ச் பெல்' திட்டத்தைத் தொடங்கி, அலுவலகங்களுக்கு எவர்சில்வர் பாத்திரத்தில் சாப்பாடு அனுப்பி, காலிப் பாத்திரத்தைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்தது. வீட்டில் இலவசமாக நடக்கும் உழைப்புக்குக் கூலி கிடைக்கும் இடங்கள் இவை.

வீட்டிலேயே கட்ட வேண்டியவர்களுக்கு ஒரு வழி, வேலையை இரவுக்கு நகர்த்துவது; அதை இருவராகச் செய்வது. ஞாயிறன்றும் புதனன்றும் இரவில் கொண்டைக்கடலையையோ ராஜ்மாவையோ ஊறப்போட்டு, மறுநாள் ஒரே குக்கரில் வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். காலையில் தாளிப்பு மட்டுமே பாக்கி. ஊறப்போடவும் காய் நறுக்கவும் தனித் திறமை எதுவும் தேவையில்லை. ஆண்களின் 88 நிமிடங்களில் இதற்கு இடம் தாராளமாக உண்டு.

ஐந்து நாள் டப்பா

திங்கள்: இரண்டு சப்பாத்தி, ஒரு கிண்ணம் நிறைய நரிப்பயறு உசல், முழு வெள்ளரிப் பிஞ்சு.

செவ்வாய்: ராஜ்மா ஒரு கப், சோறு ஒரு கப், முட்டைக்கோஸ் பொரியல். ராஜ்மாவின் அளவு சோற்றுக்குக் குறையக் கூடாது.

புதன்: பருப்பு தாராளமாகப் போட்ட சாம்பார் சாதம், பீன்ஸ் பொரியல், அவித்த முட்டை. முட்டை சாப்பிடாதவர்களுக்கு வதக்கிய பனீர்.

வியாழன்: சத்து மாவு வைத்த பராத்தா இரண்டு, சுட்ட கத்திரிக்காய் மசியல், தயிர்.

வெள்ளி: தயிர் சாதம் அரை டப்பா, கொண்டைக்கடலைச் சுண்டல் கால் டப்பா, கீரைப் பொரியல் கால் டப்பா. ஊறுகாய் பெயருக்கு.

நான்கு மணிக்கு: மேசை இழுப்பறையில் வறுத்த கடலை ஒரு பிடி, அல்லது தோலோடு வறுத்த வேர்க்கடலை. 30 கிராம் வேர்க்கடலையில் சுமார் 7 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டைக்குச் சமம். ஆனால் கலோரியும் 160க்கு மேல் என்பதால் பிடியைத் தாண்ட வேண்டாம். கூட ஒரு கொய்யாப் பழம், சர்க்கரை குறைத்த டீ.

மறுநாள் அலுவலகத்தில் எளிதாக ஒரு சோதனை செய்யலாம். நான்கு மணிக்கு சமோசா வாங்க ஆள் கிளம்பும்போது உங்கள் கை தானாக பர்ஸுக்குப் போகவில்லையென்றால் டப்பா பாஸ்.