பணமும் பழக்கமும் – 17: பரிந்துரைக்கு ஒரு விலை

ஒரு வங்கியோ, பணப் பரிமாற்றச் செயலியோ, கிரெடிட் கார்டு நிறுவனமோ, தன்னிடம் ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் மற்றொருவரை அழைத்து வந்து சேர்த்தால், அழைத்தவருக்கும் பல வேளைகளில் சேர்ந்தவருக்கும் கொடுக்கும் தொகை பரிந்துரை ஊக்கத்தொகை எனப்படும். பேச்சு வழக்கில் அது ரெஃபரல் போனஸ். சென்ற வாரப் பகுதியில் விளக்கப்பட்ட கேஷ்பேக், வாடிக்கையாளர் செய்யும் செலவில் ஒரு சிறு பங்கைத் திருப்பித் தருவது. இதுவோ அவர் கொண்டுவரும் ஆளுக்காகத் தரப்படுவது. இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொண்டால்தான் மற்றவை விளங்கும். விளம்பரம், முகவர் தரகு, தொலைபேசி விற்பனை என்று புதியவர்களைப் பிடிப்பதற்கு ஆகும் செலவை ஒவ்வொரு நிறுவனமும் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு வைத்திருக்கிறது. தொலைக்காட்சிக்கும் முகவருக்கும் போயிருக்கக்கூடிய அந்தத் தொகையின் ஒரு பகுதியே, நண்பரின் பேச்சை நண்பர் கேட்பார் என்ற நம்பிக்கையில், வாடிக்கையாளரின் கைக்கு வருகிறது.

நிதித் துறையில் இந்த முறையைப் பெரிய அளவில் செய்து காட்டியது அமெரிக்காவின் பேபால். இணையவழிப் பணப் பரிமாற்றம் மக்களுக்குப் பழகாத 1999, 2000ஆம் ஆண்டுகளில், புதிதாகச் சேர்பவருக்கு 10 டாலரும் அவரைச் சேர்த்தவருக்கு 10 டாலரும் அந்நிறுவனம் ரொக்கமாகவே கொடுத்தது. பயனர் எண்ணிக்கை வேகமாகப் பெருகியதும் தொகையைப் படிப்படியாகக் குறைத்துப் பின்னர் நிறுத்தியது. வாரி வழங்கப்பட்டது முதலீட்டாளர்களின் பணம். எதிர்முனையில் பெறுவதற்கு ஆள் இல்லாவிட்டால் பணம் அனுப்பும் சேவையால் யாருக்கும் பயனில்லை என்பதால், கூட்டத்தை விரைந்து சேர்ப்பது அதற்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

இந்தியாவில் அரசே இந்த வழியைக் கையாண்டது. 2017 ஏப்ரல் 14 அன்று நாக்பூரில் பிரதமர் நரேந்திர மோடி பீம் செயலிக்கான பரிந்துரைத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். சேர்க்கப்பட்டவர் மூன்று பரிவர்த்தனைகளை முடித்தால் சேர்த்தவருக்கு 10 ரூபாய் என்றும், நாளொன்றுக்கு 20 பேரைச் சேர்க்கும் இளைஞர் 200 ரூபாய் ஈட்டலாம் என்றும் அங்கு அறிவிக்கப்பட்டது. வணிகர்களுக்கான கேஷ்பேக்கையும் சேர்த்து ஆறு மாதங்களுக்கு 495 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் தேஸ் என்ற பெயரில் வந்து பின்னர் கூகுள் பே ஆன செயலி, சேர்ந்தவர் முதல் பணப் பரிமாற்றத்தைச் செய்ததும் இருவருக்கும் 51 ரூபாய் கொடுத்தது. ஒருவர் ஒரு நிதியாண்டில் இவ்வாறு பெறக்கூடியதற்கு 9,000 ரூபாய் என உச்சவரம்பும் வைத்தது.

இந்த இரு திட்டங்களிலும் பணம் எந்த நொடியில் கைமாறியது என்பதைக் கவனிக்க வேண்டும். செயலியைத் தரவிறக்குவது போதவில்லை. வங்கிக் கணக்கை இணைத்து, ரகசிய எண்ணை அமைத்து, பணத்தை அனுப்பிய பிறகே தொகை வரவானது. அனுப்பப்படும் இணைப்பின் முடிவில் உள்ள எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு யார் யாரைச் சேர்த்தார் என்பதைப் பதிவு செய்கிறது. அந்த இணைப்பின் வழியாக வராமல் நேரடியாகச் செயலியை நிறுவிக்கொண்டால் அழைத்தவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. குறைந்தபட்சத் தொகை, கெடு நாள், ஒரே கைபேசியில் இரண்டாவது கணக்குக்கு இல்லை என்பன போன்ற நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் போனஸ் போய்விடும். செயலிகள் தரும் ஸ்கிராட்ச் கார்டு போன்ற அதிர்ஷ்டப் பரிசுகள் தமிழ்நாட்டில் வசிப்போருக்கு இல்லை என்று நிபந்தனைகளில் எழுதப்படுவதற்கு 1979ஆம் ஆண்டின் தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம் காரணம் என்பதையும், தொகை முன்கூட்டியே உறுதிசெய்யப்பட்ட பரிந்துரை ஊக்கத்தொகை அந்த வகையைச் சேராதது என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

நிறுவனங்கள் தயங்காமல் இந்தப் பணத்தைக் கொடுப்பது ஏன் என்பதற்கு, பிலிப் ஷ்மிட், பெர்ன்ட் ஸ்கீரா, கிறிஸ்டோஃப் வான் டென் புல்டே ஆகிய மூவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு நல்ல விடை தருகிறது. பரிந்துரைத்தவருக்கு 25 யூரோ கொடுத்துவந்த ஒரு ஜெர்மன் வங்கியின் ஏறத்தாழ 10,000 வாடிக்கையாளர்களைச் சுமார் மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்த அவர்கள், பரிந்துரையால் வந்தவர்கள் மற்ற வழிகளில் வந்தவர்களைவிட வங்கிக்குக் குறைந்தது 16 விழுக்காடு அதிக மதிப்புடையவர்கள் என்று கண்டனர். தொடக்கத்தில் இவர்களிடமிருந்து கிடைத்த கூடுதல் லாபம் நாளடைவில் தேய்ந்துவிட்டது. ஆனால் கணக்கை மூடாமல் நீடிக்கும் இயல்பு தேயவில்லை. பரிந்துரைப்பவர் தம் நண்பருக்கு எது பொருந்தும் என்று அறிந்தே அழைக்கிறார் என்பது ஒரு காரணம். தெரிந்தவர் ஒருவர் அங்கே இருப்பது தரும் பிணைப்பு மற்றொன்று. அழைத்தவர் வெளியேறிவிட்டால் அழைக்கப்பட்டவரின் பற்றும் தளர்கிறது என்பது பின்னர் வந்த ஆய்வில் தெரியவந்தது. வாடிக்கையாளரின் பக்கத்திலிருந்து இதைப் படித்தால் கிடைக்கும் பாடம் வேறு: நண்பரின் சொல்லால் சேர்ந்தவர் வேறிடத்துக் கட்டணங்களை ஒப்பிட்டுப் பார்க்காமலே தங்கிவிடக்கூடும், அந்தத் தங்குதலையும் நிறுவனம் தன் லாபக் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

பணம் அனுப்பும் செயலியில் இதனால் பெரிய கேடு இல்லை. கிரெடிட் கார்டில் நிலைமை மாறுகிறது. முதலாண்டுக் கட்டணம் இல்லை என்று சொல்லப்பட்ட ஒரு கார்டுக்கு இரண்டாம் ஆண்டில் 500 ரூபாய் கட்டணம் என்றால், 18 விழுக்காடு ஜிஎஸ்டியுடன் 590 ரூபாய் கட்ட வேண்டும். நிலுவையில் 20,000 ரூபாயை வைத்துவிட்டால், மாத வட்டி 3.5 விழுக்காடு என்ற கணக்கில் 700 ரூபாய் வட்டியும் அதன்மீது 126 ரூபாய் வரியுமாக ஒரே மாதத்தில் 826 ரூபாய் போய்விடுகிறது. அழைத்தவருக்குக் கிடைத்த சில நூறு ரூபாய்க்கு எதிரே நிற்கும் இந்தத் தொகையைக் கட்டப்போவது அவருடைய தம்பியோ, பக்கத்து இருக்கையில் வேலை பார்ப்பவரோதான். கடன் செயலிகளில் ஆபத்து இன்னும் ஒரு படி அதிகம். கைபேசியில் உள்ள தொடர்பு எண்கள், அழைப்புப் பதிவுகள் ஆகியவற்றை அவை எடுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் கூறியிருப்பதால், நண்பர்களை அழைக்கும் பெயரில் தொடர்புப் பட்டியலுக்கு அனுமதி கேட்கும் கடன் செயலியை உடனே நீக்கிவிடுவதே சரி.

காப்பீட்டில் சட்டம் மிகக் கண்டிப்பானது. 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, பாலிசி எடுக்கத் தூண்டுவதற்காகத் தரகில் பங்கு கொடுப்பதைத் தடை செய்கிறது. எனவே பாலிசி எடுத்தால் தரகில் பாதியைத் தருவதாகச் சொல்பவர் சட்டத்தை மீறுகிறார்.

பரிந்துரைத் திட்டத்துக்கும் சங்கிலித் திட்டத்துக்கும் இடையே உள்ள எல்லையைப் பலரும் தவறவிடுகிறார்கள். ஒரே படியோடு நிற்பதும், சேர்பவரிடம் நுழைவுக் கட்டணம் வாங்காததும், ஆள் சேர்க்காவிட்டாலும் பயன்படக்கூடிய ஒரு சேவை பின்னால் இருப்பதும் முறையான திட்டத்தின் அடையாளங்கள். பணம் கட்டிச் சேர்ந்து, தமக்குக் கீழே வருபவர்களும் அவர்களுக்குக் கீழே வருபவர்களும் கட்டும் பணத்திலிருந்து பங்கு பெறும் ஏற்பாடு, 1978ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டத்தின்கீழ் குற்றமாகும். நடத்துபவர் மட்டுமன்றி அதில் சேருபவரும் ஆள் சேர்ப்பவரும் அச்சட்டத்தின் பிடிக்குள் வருகிறார்கள்.

முறையான திட்டத்தில் பெறும் ஊக்கத்தொகையும் வருமானமே ஆகையால் வருமான வரிக் கணக்கில் அதைக் காட்ட வேண்டும். அதைவிட முக்கியமான கடமை, அழைக்கப்படுபவரிடம் உண்மையைச் சொல்வது. வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பும்போது, இதனால் எனக்கு இவ்வளவு கிடைக்கும், சேர்பவருக்கு இவ்வளவு, இரண்டாம் ஆண்டுக் கட்டணம் இவ்வளவு என்று மூன்று வரிகளை அதன் மேலே எழுதிவிட்டு அனுப்புங்கள். அந்த வரிகளை எழுதக் கை தயங்கினால் அந்த இணைப்பை அனுப்பாதீர்கள்.