மண்ணெண்ணெய் தண்ணீரில் மிதக்கும்

விமானத்தின் இறக்கைக்குள் எரிபொருளை லிட்டர் கணக்கில் ஏற்றுகிறார்கள். அது பறக்கையில் எரிவதோ எடைக் கணக்கில். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு பெருக்கல். 1983 ஜூலை 23 அன்று கனடாவில் அந்தப் பெருக்கல் தவறியது. 69 பேரோடு 41,000 அடி உயரத்தில் போய்க்கொண்டிருந்த ஏர் கனடாவின் போயிங் 767-இல் எரிபொருள் தீர்ந்து, இரண்டு என்ஜின்களும் அணைந்து போயின.

எடையில் ஏன் கணக்கு வைக்க வேண்டும்? எண்ணெய் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். ஜெட் எரிபொருள் 15 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்கு 0.775 முதல் 0.840 கிலோ வரை இருக்கலாம். அது எரிந்து தரும் வெப்பத்தைப் பெரும்பாலும் அதன் எடைதான் முடிவு செய்கிறது. எத்தனை லிட்டர் என்பது என்ஜினுக்குப் பொருட்டில்லை. அதனால்தான் விமானியின் முன்னால் உள்ள மானி, மணிக்கு இத்தனை பவுண்டு அல்லது மணிக்கு இத்தனை கிலோ என்று காட்டுகிறது. அந்த மானியின் உள்வேலை அழகானது. ஓடும் எண்ணெயைச் சுழலவிட்டு, அந்தச் சுழற்சி ஒரு சுருள்வில்லை எவ்வளவு முறுக்குகிறது என்று பார்த்தால் எடை தெரிந்துவிடும். கனமான எண்ணெய் அதிகம் முறுக்கும், லேசானது குறைவாக முறுக்கும்.

முன்பு கனடாவின் விமானங்கள் பவுண்டில் ஓடின. டிசி-8, போயிங் 727 ஆகியவற்றின் விமானி அறையில் மூன்று பேர் இருந்தார்கள். எரிபொருளைக் கவனிப்பது மூன்றாமவரின் பொறுப்பு. 1970களில் நாடு மெட்ரிக் அளவைக்கு மாறத் தொடங்க, எரிபொருள் லாரி லிட்டரில் ஊற்றியது, விமானம் பவுண்டில் கேட்டது. லிட்டரை 1.77-ஆல் பெருக்கினால் பவுண்டு வரும். அந்த எண் எல்லோருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. அது லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்பதைச் சொல்லும் எண். ஆனால் புழக்கத்தில் பவுண்டு உதிர்ந்து, வெறும் 1.77 மட்டும் நின்றது. என்னைப் பொறுத்தவரை விபத்து அங்கேயே தொடங்கிவிட்டது.

பிறகு 767 வந்தது. ஏர் கனடாவில் கிலோவில் கணக்கு வைத்த முதல் விமானம் அதுதான். விமானி அறையில் இரண்டே பேர். மூன்றாமவர் போனார், அவருடைய கணக்கு வேலை யாருக்குப் போனது என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. நீதிபதி லாக்வுட் தலைமையிலான விசாரணை பின்னாளில் சுட்டிக்காட்டிய குறைகளில் இதுவும் ஒன்று.

அன்று அந்த விமானத்தின் எரிபொருள் அளவுமானி பழுது. மாண்ட்ரியலில் இறக்கைக்கு அடியில் உள்ள அளவுகோலை இறக்கிப் பார்த்தார்கள். தொட்டிகளில் 7,682 லிட்டர் இருந்தது. எட்மண்டன் வரை போக 22,300 கிலோ தேவை. 7,682-ஐ 1.77-ஆல் பெருக்கினார்கள்: 13,597. இதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டார்கள். மீதி 8,703. அதை மறுபடி 1.77-ஆல் வகுத்து, 4,917 லிட்டர் போதும் என்று ஏற்றினார்கள். பெருக்கியிருக்க வேண்டிய எண் 0.803. அப்படிச் செய்திருந்தால் 20,088 லிட்டர் ஏற்ற வேண்டியிருந்தது தெரிந்திருக்கும். வழியில் ஒட்டாவாவில் இறங்கியபோது இன்னொரு முறை அளந்தார்கள். மறுபடியும் அதே தவறு.

என்னை இன்றும் உலுக்குவது இதுதான். ஜெட் எரிபொருள் மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்தது. அரிக்கேன் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிய எவருக்கும் மண்ணெண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்று தெரியும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதன்மேல் மிதக்கும் எண்ணெய் லிட்டருக்கு 1.77 கிலோ எப்படி இருக்க முடியும்? கணக்குப் போட்டவர்கள் படித்தவர்கள், அனுபவசாலிகள். பெருக்கலும் வகுத்தலும் கச்சிதமாகத்தான் இருந்தன. எண்ணெய்தான் அவர்கள் நினைவிலிருந்து நழுவிவிட்டது.

இன்னொன்று. ஓட்டமானிகளில் குற்றமில்லை. என்ஜினுக்குள் போனதை அவை ஒழுங்காக அளந்து கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருந்தன. கணினியும் ஒழுங்காகக் கழித்துக்கொண்டே வந்தது. ஆனால் தொடக்கத்தில் விமானிகள் அதற்குக் கொடுத்த இருப்பு 22,300 கிலோ. உண்மையில் இருந்ததோ 22,300 பவுண்டு, அதாவது பாதிக்கும் குறைவு. தொட்டி வறண்ட பிறகும் கணினியின் கணக்கில் எண்ணெய் இருந்தது.

கேப்டன் பாப் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். என்ஜின் இல்லாத அந்தப் பெரிய விமானத்தைப் பக்கவாட்டில் சரித்துச் சரித்து உயரத்தைக் குறைத்து, மானிடோபாவில் கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். ஓடுபாதை அப்போது கார்ப் பந்தயக் களமாகியிருந்தது, ஆட்கள் வேறு கூடியிருந்தார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. செப்பனிட்ட அந்த விமானம் 2008 ஜனவரி வரை பறந்தது.

இன்று நிலைமை வெகுவாக மாறிவிட்டது. தொட்டிக்குள்ளேயே அடர்த்தியை அளக்கும் கருவி பல விமானங்களில் உண்டு. எரிந்தது எவ்வளவு, இருப்பது எவ்வளவு, கிளம்பும்போது இருந்தது எவ்வளவு என்று மூன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கமான வேலையாகிவிட்டது.

ஆனால் பவுண்டு போகவில்லை. அமெரிக்க விமான நிறுவனங்கள் இன்றும் பவுண்டில்தான் கணக்கு வைக்கின்றன. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் கிலோ. மணிக்கு 2,500 கிலோ எரிக்கும் என்ஜின், பவுண்டில் 5,512 காட்டும். பொறியாளரின் விநாடிக் கணக்கில் அதுவே 0.694 கிலோ. பவுண்டில் குழப்பமில்லை, 1959 முதல் அது சரியாக 0.45359237 கிலோ. காலன்தான் ஆளுக்கொரு மாதிரி: அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் காலன் 4.546. எந்தக் காலன் என்று கேட்காமல் பெருக்கக் கூடாது.

திரையில் எத்தனை எண்கள் வந்தாலும், விமானிகள் மனக்கணக்காகப் போட்டுப் பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. லிட்டரில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் ஏறக்குறைய கிலோ கிடைக்கும். அன்று மாண்ட்ரியலில் மொத்தம் இருந்தது 12,599 லிட்டர். ஐந்தில் ஒன்று போக, பத்தாயிரத்துச் சொச்சம் கிலோ. எட்மண்டனுக்குத் தேவைப்பட்டது 22,300.