கல்லுக்கு அடியில் சில சாட்சிகள்

பள்ளிவாசல் ஹவுளின் நீரை நாம் எவ்வாறு சோதிக்கிறோம்? நிறம், மணம், சுவை ஆகிய மூன்றில் ஏதேனும் மாறியுள்ளதா என்று பார்க்கிறோம். ஆனால், இம்மூன்றில் எதனையும் மாற்றாமலே ஒரு நதியின் உயிரைப் பறிக்கும் பொருள்களும் இக்காலத்தில் உண்டு. அத்தகைய நஞ்சு ஒன்றை இங்கிலாந்தில் 2013ஆம் ஆண்டு காட்டிக்கொடுத்தவை, கல்லுக்கு அடியில் வாழும் அற்பப் பூச்சிகளே.

தென் இங்கிலாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளில் ஊறிப் பெருகும் டெஸ்ட், இட்சன், கென்னட் போன்ற நதிகளில், அடியிலுள்ள கூழாங்கல்லை எண்ணிவிடலாம். நீர் அவ்வளவு தெளிவு. டிரவுட் என்னும் புள்ளி மீனின் இருப்பிடம் இது. நம் நீலகிரியில், அவலாஞ்சிப் பக்கத்து ஓடைகளில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட மீனும் இதன் உறவினம்தான்.

இம்மீனைப் பிடிக்க அங்குள்ளோர் மண்புழுவைக் கோப்பதில்லை. தூண்டில் முள்ளின்மேல் பறவை இறகையும் பட்டு நூலையும் சுற்றிப் பொய்ப்பூச்சி ஒன்றைச் செய்து நீரில் மிதக்க விடுகின்றனர். மீனோ இலேசில் ஏமாறாது. அன்றைய தினம் ஆற்றில் பறக்கும் பூச்சியைப் போல் அது இல்லையெனில் திரும்பியும் பாராது. ஆகவே, தூண்டில்காரர் பூச்சியியல் மாணவராகவும் ஆக வேண்டியதாயிற்று. ஹால்ஃபோர்டு என்பவர் இப்பொய்ப்பூச்சிகளைச் செய்யும் முறைக்கென்றே 1886இல் ஒரு நூல் எழுதினார். பொழுதுபோக்குக்கு இவ்வளவு பாடா என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பாட்டின் பயனைப் பின்னால் காண்பீர்கள்.

அப்பூச்சிகளுள் தலையாயது மேஃப்ளை. ஈசலைப் போன்ற அற்பாயுள் உடையதெனினும் ஈசல் இனத்தைச் சேர்ந்ததன்று. புற்றில் பிறக்காமல் நீரில் பிறப்பது. ஆற்றுப் படுகையில் புதைந்து ஓராண்டோ ஈராண்டோ வளர்கிறது. பின்னர் ஒருநாள் மேலே வந்து, தோலுரித்துச் சிறகு விரிக்கிறது. சிறகு முளைத்தபின் இன்னுமொரு முறை தோலுரிப்பது பூச்சியினத்திலேயே இதன் குடும்பம் மட்டுமே. அதன்பின் அது உண்பதில்லை. உண்ணத்தக்க வாயே அதற்கில்லை. இணைசேர்ந்து, நீர்மேல் முட்டையிட்டு, ஓரிரு நாளில் மடிகிறது. விழும் பூச்சிகளுக்காக டிரவுட் காத்திருக்கிறது. மணலையும் சிறு கல்லையும் தன் வாயிலிருந்து வரும் பட்டிழையால் ஒட்டிக் கூடுகட்டி, அதைச் சுமந்தே திரியும் கேடிஸ் என்னும் புழு மற்றொன்று. இவற்றோடு நன்னீர் இறாலும் வாழ்கிறது.

இவை மாசினைத் தாங்கா. மேலும், நீரின் மாதிரியைக் குப்பியில் அடைத்துச் சோதித்தால் அந்நேரத்து நிலைதான் தெரியும். நேற்றிரவு வந்துபோன நஞ்சு அகப்படாது. பூச்சியோ இரவும் பகலும் அங்கேயே இருப்பது. இதனையறிந்து, 2007 முதல் தூண்டில்காரர்களே தொண்டர்களாக ஆற்றில் இறங்குகின்றனர். மூன்று நிமிடம் படுகையைக் காலால் கிளறி, வலையில் சேர்பவற்றை எட்டு வகையாகப் பிரித்து எண்ணுகின்றனர். எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அரசின் சுற்றுச்சூழல் துறைக்குத் தகவல் பறக்கிறது.

2013 ஜூலையில், மார்ல்பரோ என்னும் ஊருக்குக் கீழே கென்னட் நதியில் இறங்கியவர்கள் செத்த இறால்களையும் பூச்சிகளையுமே கண்டனர். நீர் வழக்கம்போலத் தெளிவாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வில் வெளிப்பட்டது குளோர்பைரிபாஸ். நம் ஊரில் வீடு கட்டுவோர் கரையானுக்காக அடித்தளத்தில் ஊற்றும் அதே மருந்து! ஊரின் கழிவுநீர் நிலையத்தின் வழியாக அது ஆற்றில் கலந்திருந்தது. சுமார் 15 கிலோமீட்டர் தூரத்துக்குப் பூச்சியினம் துடைத்தெடுக்கப்பட்டது. இத்தனைக்கும் இரண்டு தேக்கரண்டி மருந்தே போதுமானதாயிருந்திருக்கும் என்று மதிப்பிட்டனர். கென்னட் சென்று சேர்வது தேம்ஸ் நதியில்; இலண்டன் மக்கள் குடிப்பது தேம்ஸ் நீரை.

மேலோட்டத்திலிருந்து மிதந்து வந்த பூச்சிகளால் கென்னட் மெல்ல மீண்டது. எனினும், 2020இல் வெளியான ஆய்வொன்று இங்கிலாந்தின் 20 நதிகளில் எடுத்த மாதிரிகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதில் ஃபிப்ரோனில் இருப்பதைக் கண்டது. அது வயலில் தெளித்ததன்று. வீட்டு நாய் பூனைகளின் உண்ணிக்காக அவற்றின் பிடரியில் சொட்டு மருந்தாக விடுவது. பிராணியைக் குளிப்பாட்டும்போது சாக்கடையில் இறங்கி, கழிவுநீர் நிலையத்தைக் கடந்து ஆற்றுக்குப் போய்விடுகிறது.