வேனில் போவோம், வெந்நீர் ஊற்றுக்கு

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் தோட்டத்து வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: "இந்தத் தடவை எங்கே போகலாம்?" மேலைநாட்டினர் சிலர் படுக்கையும் அடுப்பும் பொருத்திய வேனில் ஏறி, எரிமலைகளையும் கொதிநீர் ஊற்றுகளையும் பார்த்து வருகிறார்கள். நியூசிலாந்தின் ரோத்தோருவா இதற்குப் பேர்போன ஊர். அவ்வளவு தூரம் நாம் போக வேண்டியதில்லை. ரெங்கத்தில் இருக்கும் நமக்கு, குளுவாங், பாலோ, பெக்கோக் வழியாக முற்பகலுக்குள் சேரக்கூடிய தூரத்தில் லாபிஸ் இருக்கிறது. அங்கே வெந்நீர் ஊற்று உண்டு. அதற்கு அப்பால் சிகாமட். அங்கே, 6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியிலிருந்து குழம்பாகப் பொங்கி வந்து உறைந்த கரும்பாறைகள் உண்டு.

"ஐயையோ, எரிமலையா?" என்று பாட்டிமார் கேட்பார்கள். 2025 ஆகஸ்ட் 24-ஆம் நாள் காலை சிகாமட்டில் 4.1 அளவில் நிலம் அதிர்ந்ததைக் கேள்விப்பட்டவர்களுக்கு இந்தப் பயம் வருவது இயல்பே. ஆனால் தீபகற்ப மலேசியாவில் இன்று உயிருள்ள எரிமலை ஒன்றுகூட இல்லை. நிலத்தடிப் பாறைகளில் உள்ள பழைய பிளவுகள் சற்று நகர்ந்தால் நிலம் அதிரும். அதற்கு எரிமலை தேவையில்லை.

அப்படியானால் தண்ணீரைச் சுட வைப்பது யார்? மழைதான் இதற்குத் தொடக்கம். மழைநீர் கருங்கல் பாறையின் வெடிப்புகள் வழியே மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் ஆழம் போனால் ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் கூடும். ஆழத்தில் சூடேறிய நீர், வேறொரு பிளவைப் பிடித்துக்கொண்டு மேலே வருகிறது. வரும் வழியில் பாறையின் உப்புகளைக் கரைத்துக்கொள்கிறது. சில ஊற்றுகளில் அழுகிய முட்டை வாடை வீசுவது கந்தகம் கலந்த வாயுவினால். நம் தீபகற்பத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரின் செம்பவாங்கில் 1909-இல் கண்டறியப்பட்ட ஊற்றும் இதே வகைதான். அங்கே நீர் 70 டிகிரிச் சூட்டில் வருகிறது. ஆறவைத்த பிறகே கால் நனைக்கிறார்கள்.

ஆகவே இந்தப் பயணத்தில் எரிமலைக்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியவை வேறு. அவை சிறியவை, நம் கைக்குள் இருப்பவை.

முதலாவது, புறப்படும் காலம். நவம்பர் முதல் மார்ச் வரை மழையைப் பார்த்தே நாள் குறிக்க வேண்டும். 2023 மார்ச் மாதம் ஜொகூரில் வெள்ளம் புகுந்து பல்லாயிரம் பேர் துயர்துடைப்பு மையங்களில் தங்கியதை நாம் மறக்கவில்லை. ஊற்று திறந்திருக்கிறதா, இரவில் வேனை நிறுத்த இடம் உண்டா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். வேனுக்குள் கட்டில், அடுப்பு என்று அமைப்பை மாற்றுவதாக இருந்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி தேவை. வாடகைக்கு எடுப்பவர்களும் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாவது, இரவு. வேனுக்குள் படுக்கும்போது குளிர்சாதனத்துக்காக இஞ்சினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. எரியும் எண்ணெயிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் மயக்கமும் வருமுன்னே தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். எரிவாயு அடுப்பும் அப்படித்தான். மழை பெய்கிறதே என்று கதவைச் சாத்திக்கொண்டு வேனுக்குள் சமைப்பது ஆபத்து. அடுப்பை வெளியே வைத்துச் சமைப்போம். படுக்குமுன் எரிவாயுத் தோம்பை மூடிவிடுவோம். இஞ்சினை நிறுத்திவிட்டு, சன்னல்களைச் சற்றுத் திறந்து, கொசுவலை கட்டிக்கொள்வோம்.

மூன்றாவது, வெந்நீர். நம் வீடுகளில் இனிப்புநீர் உள்ளவர்கள் பலர். அந்த நோய் நாள்படும்போது பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். மூட்டுவலி தீருமென்று பாட்டி காலை நீரில் விடுவார். தோல் வெந்துபோவது அவருக்கே தெரியாது. 60 டிகிரிச் சூட்டு நீர் சில விநாடிகளில் தோலை வேகவைத்துவிடும். பாதத்தில் வந்த புண் ஆறாமல் போனால், காலையே இழக்க நேரிடலாம். ஆகவே நோயில்லாத ஒருவர் முதலில் முழங்கையால் சூடு பார்க்கட்டும். இனிப்புநீர் உள்ளவர்களும் இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்ட பின்பே இறங்கட்டும். மற்றவர்களுக்குப் பத்து நிமிடம் போதும். பிறகு வெளியே வந்து தண்ணீர் குடிக்க வேண்டும்.

பிள்ளைகளைக் கையெட்டும் தூரத்திலேயே வைத்திருப்போம். முங்கிக் குளிக்கவும் விடவேண்டாம். வெதுவெதுப்பான ஊற்று நீரில் வாழும் ஒருவகை அமீபா, மூக்கின் வழியே போனால் மூளையைத் தாக்கும். அது அரிதாகவே நடக்கும், நடந்தால் பிழைப்பது கடினம்.

தப்பித் தவறிச் சூடு பட்டுவிட்டால் பற்பசையோ கிச்சாப்போ தடவாதீர்கள். குழாயின் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டி, தூய துணியால் மூடி, மருத்துவமனைக்குப் போங்கள். அவசரத்துக்கு 999 என்ற எண்ணை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கட்டும்.

நேயர்களே, பத்து நாள் சேர்த்து வைத்த பணத்தில் போகும் பயணம் இது. புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து இந்த மூன்றையும் பேசிக்கொள்வோம்: காலம், இரவு, வெந்நீர். வேனை ஓட்டுபவர் மட்டும் தெரிந்துகொண்டால் போதாது. பாட்டியும் பேரனும் தெரிந்திருக்க வேண்டும். அன்று பெய்த மழை எத்தனையோ ஆண்டுகள் பூமிக்குள் நடந்து, சூடாகி நம் காலடிக்கு வந்திருக்கிறது என்ற கதையையும் ஊற்றின் கரையில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். போன அத்தனை பேரும் நலமாக வீடு திரும்பட்டும்.