குறிப்பறிந்து தேடும் சொல்லடைவு

ஓபன்பிஎஸ்டி என்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவும்போது அதன் கையேடும் கணினிக்குள் வந்துவிடுகிறது. ஜவ்வாது மலையடியில் கண்ணமங்கலத்தில் இருக்கும் ஒரு மாணவி, இணையம் இல்லாமலே அதைப் படிக்கலாம். ஆனால் தனக்கு வேண்டியது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டுமே!

அதற்கென்று 1979 பிப்ரவரியில் பில் ஜாய் எழுதிய நிரல்தான் 'மேக்வாட்டிஸ்'. ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் பெயரையும் ஒருவரி விளக்கத்தையும் மட்டும் பொறுக்கி ஒரு கோப்பில் அடுக்கும். 'அப்ரோபோஸ்' கட்டளை அந்தக் கோப்பில் சொல்லைத் தேடும். பக்கத்தின் உள்ளே புதைந்திருப்பது எதுவும் அதற்கு எட்டாது. 2000இல் மார்க் எஸ்பி மேக்வாட்டிஸைப் பெர்ல் மொழியில் எழுதத் தொடங்கினார்.

இதற்கிடையே, 1990 வாக்கில், பெர்க்லியில் சிந்தியா லிவிங்ஸ்டன் 'எம்டாக்' என்ற குறிமுறையை உருவாக்கியிருந்தார். இந்தச் சொல் தடித்த எழுத்தில் வரட்டும் என்று அது சொல்வதில்லை. இது கட்டளையின் பெயர், இது பிழைக்குறி, இது சூழல் மாறி என்று பொருளைச் சொல்லும். எழுதுபவருக்குக் கூடுதல் உழைப்புதான். ஓபன்பிஎஸ்டிக்காரர்கள் சலிக்காமல் அப்படியே எழுதி வந்தார்கள்.

அந்த உழைப்பின் பலன் 2014இல் வெளிவந்த 5.6ஆம் பதிப்பில் தெரிந்தது. கிறிஸ்டாப்ஸ் ஜோன்சன்ஸும் இங்கோ ஷ்வார்ட்ஸவும் மேக்வாட்டிஸை சி மொழியில் அடியிலிருந்து எழுதினார்கள். அது எம்டாக் குறிகளைப் படித்து, சொல்லோடு அதன் வேலையையும் சேர்த்துப் பதிகிறது. 'ஹோம்' என்ற சூழல் மாறியைப் பேசும் பக்கங்கள் மட்டும் வேண்டும் என்று கேட்டால், வீடு என்ற பொருளில் அச்சொல் வரும் பக்கங்கள் ஒதுங்கிவிடுகின்றன.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். 1931இல் அவர் வகுத்த நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. ஒரு நூலை ஒரே தலைப்பில் அடைக்காமல் பல முகங்களில் பகுத்துக் காட்டிய அவருடைய கோலன் பகுப்பு முறை 1933இல் வந்தது. கையேட்டுக்குள் நடந்திருப்பதும் அந்தப் பகுப்புதான்.

புதிய மேக்வாட்டிஸ் உருவாக்கும் சொல்லடைவு முதலில் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் இருந்தது. எப்போதாவது எழுதப்பட்டு அடிக்கடி படிக்கப்படும் கோப்புக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு மிகை. 2016இல் ஷ்வார்ட்ஸ அதை நீக்கிவிட்டு, நினைவகத்தில் நேராக விரித்துப் படிக்கும் சிறிய கோப்பு வடிவம் ஒன்றை எழுதினார்.

ஆனால் லினக்ஸ் உலகில் ஏராளமான பக்கங்கள் இன்னும் 'மேன்' என்ற பழைய குறிமுறையில்தான் இருக்கின்றன. தடித்தது, சாய்ந்தது என்பதைத் தவிர அதில் பெரிதாக எதுவும் பதிவாவதில்லை. எவ்வளவு நல்ல கருவியானாலும் அங்கே பெயரும் ஒருவரி விளக்கமும்தான் தேறும். அவற்றை எம்டாக்குக்கு ஒழுங்காக மாற்றுவதற்கு, ஒருவர் பக்கத்தைப் படித்து ஒவ்வொரு சொல்லும் என்னவென்று குறித்தாக வேண்டும்.